மீதி ஒன்று

என் மகள் பிறந்த அன்று, விளக்கு வைத்து இரண்டு மணி நேரம் கழித்து, கதவுக்கு வெளியே யாரோ சாக்கட்டியால் எழுதும் சத்தம் கேட்டது. நண்டு பலகையைப் பிராண்டினால் அப்படிக் கேட்காது, நாய் முதுகைத் தேய்த்தாலும் கேட்காது. கான்வென்டில் சிஸ்டர் கொலம்பா கரும்பலகையில் கணக்கு எழுதும்போது ஓர் இழுப்பும் ஒரு நிறுத்தமும் கடைசியில் ஒரு சின்னத் தட்டலும் கேட்குமே, அந்தச் சத்தம். எட்டு முறை கேட்டது. கொடி அறுத்த கத்தி அப்போது தட்டில் கிடந்தது, படுத்தபடியே எண்ணினேன், ஏனென்றால் பயம் வந்தால் எண்ணுவது என் சின்ன வயது வழக்கம். என் மாமியார் இன்னாசியம்மாள் எழுந்து ஓடினார். "கிளீட்டஸா? வந்திட்டியா மோனே?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தார். வெளியே இருட்டும் கடலும்தான் இருந்தன.

கிளீட்டஸ் என் புருஷன். நான் ஐந்து மாதம் சுமந்திருந்தபோது, ஆனி மாதத்து ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், கணவாய் மீன் பிடிக்கத் தனியாகக் கட்டுமரத்தில் போனவர், கோயில் கொடிமரத்தையே முறித்துப்போட்ட அன்று ராத்திரிக் காற்றுக்குப் பிறகு திரும்பி வரவில்லை. ஊர் வெள்ளிக்கிழமை தேடியது, சனிக்கிழமை தேடியது. மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூனந்துறையில் கட்டுமரம் கடலில் இறங்காது, அது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். திங்கட்கிழமை அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கடலில் போனவனின் உடம்பு கரைக்கு வரும்வரை அவன் வீட்டுக் கதவுக்கு உள்ளே தாழ் போடக்கூடாது, எந்த நேரத்தில் வந்து தள்ளினாலும் அவனுக்குத் திறக்கவேண்டும் என்பதும் எங்கள் ஊர் வழக்கம்தான். அதனால் அன்றிலிருந்து எங்கள் கதவு காற்று தள்ளினாலும் திறந்தது, ஆடு தள்ளினாலும் திறந்தது, குடித்துவிட்டு வீடு தவறி வந்தவன் தள்ளினாலும் திறந்தது. நான் அரிவாள்மனையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு கிடப்பேன். மாமியாரோ கதவுக்குக் குறுக்கே பாய் போட்டு, மகன் வந்தால் முதலில் தன்னைத்தான் மிதிப்பான் என்று ஆசையோடு காத்துக்கொண்டு படுத்திருப்பார்.

விடிந்தபோது கதவின் வெளிப்பக்கத்தில் ஓர் எண் இருந்தது. 79245433. ஏழு கோடியே தொண்ணூற்றிரண்டு லட்சத்து நாற்பத்தையாயிரத்து நானூற்று முப்பத்து மூன்று. சிப்பிச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, தொட்டால் ஈரம், நாக்கில் வைத்தால் உப்பு. மாமியார் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார், மறுநாள் காலை இருந்தது. ஆசாரியைக் கூப்பிட்டு இழைப்புளியால் சீவினோம், மறுநாள் இருந்தது. நீலப் பெயின்ட் அடித்தோம், நீலத்தின்மேல் இன்னும் பளிச்சென்று இருந்தது. இருபதாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தக்கலைப் பக்கம் என் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அங்கே கதவுக்கு நல்ல கனமான தாழ், நானே போட்டேன், நிம்மதியாகத் தூங்கலாம் என்று கண்ணை மூடினேன், எட்டு முறை சாக்கட்டி இழுத்தது. காலையில் அண்ணன் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் எங்களை முதல் பஸ்ஸில் ஏற்றி ஜன்னல் வழியாக ஒரு சீப்பு மட்டிப்பழமும் கொடுத்து அனுப்பினார். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாளும் வார்டுக் கதவில் அதே எண். அப்போதுதான் எல்லாருக்கும் தெளிந்தது, எண் வீட்டுக்குச் சொந்தமில்லை, என் மகள் ஆக்னஸ் எந்தக் கதவுக்குப் பின்னால் தூங்குகிறாளோ அந்தக் கதவுக்கு வருகிறது என்று.

எங்கள் ஊர் எதைக் கண்டும் வெகுநேரம் வியந்து நிற்காது. கரைக்கு வந்ததைக் கூறு போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும். முன்னூற்று ஐம்பத்தேழு வீடு. கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலையில் ஏறும் மீனானாலும், கப்பலிலிருந்து விழுந்து ஒதுங்கும் பெட்டியானாலும், முன்னூற்று ஐம்பத்தேழு கூறு. சமமாகப் பிரித்தபின் மிஞ்சும் மீதி புனித சூசையப்பருக்கு. ஒரு வருஷம் ஒரு பெட்டியில் நானூறு குடை ஒதுங்கியது, வீட்டுக்கு ஒன்று போக மீதி நாற்பத்து மூன்று குடை சூசையப்பருக்குப் போயிற்று, அன்றிலிருந்து இன்றுவரை திருவிழாவில் அவர் நாற்பத்து மூன்று கறுப்புக் குடைகளுக்கு நடுவில்தான் பவனி வருகிறார், அதைப் பார்த்துச் சிரிப்பவன் வெளியூர்க்காரன். ஆகவே எண்ணும் ஈரமாக இருக்கிறது, உப்புக் கரிக்கிறது, கடல் பக்கமிருந்து வந்திருக்கிறது, அது கரைக்கு வந்த சரக்குதான் என்று ஊர்க்கமிட்டி முடிவு செய்தது. ஊர்த்தலைவர் எப்ரேமிடம் துபாயிலிருந்து வந்த கால்குலேட்டர் ஒன்று இருந்தது. உப்புக்காற்றில் அதன் ஏழாம் எண் செத்துப்போயிருந்ததால் அதை மடியில் வைத்துக்கொண்டே, கமிட்டி மணலில் விரலால் வகுத்தது. வீட்டுக்கு இரண்டு லட்சத்து இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு வந்தது. மீதி ஒன்று.

ஜனங்கள் தங்கள் பங்கைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். 221976 என்று ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் கரிக்கட்டியால் எழுதிக்கொண்டார்கள், கட்டுமரத்தின் முன்நுனியான அணியத்தில் பெயின்டால் எழுதினார்கள், களியக்காவிளை தாண்டிப் போய் அந்த எண்ணில் கேரளா லாட்டரி தேடினார்கள், ஒருத்தி தன் கோழிக்கு அந்தப் பெயரையே வைத்து இருபத்திரண்டு, இருபத்திரண்டு என்று சுருக்கிக் கூப்பிட்டாள். மீதி ஒன்றைத்தான் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சந்தேகத்துக்கு வேறு விதமாகவும் வகுத்துப் பார்த்தார்கள். ஊரின் பதினேழு தெருவால் வகுத்தார்கள், மீதி ஒன்று. கமிட்டியின் இருபத்தொரு பேரால் வகுத்தார்கள், மீதி ஒன்று. ஒரு வள்ளத்தின் ஏழு ஆளால் வகுத்தார்கள், மீதி ஒன்று.

ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார் ஞானசிகாமணி சாரைக் கூட்டிவந்தார்கள். அவர் ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று சாயங்காலம் கதவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார், ஊரே சுற்றி உட்கார்ந்து கணவாய் சுத்தம் பண்ணியது. ஓர் எண்ணின் இலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி, வந்ததையும் அப்படியே செய்துகொண்டு போனால், கடைசியில் ஒன்றுக்கு வந்து சேர்வது மகிழ்ச்சியான எண்ணாம். இது இருநூற்று ஒன்பதுக்குப் போய், எண்பத்தைந்துக்குப் போய், எண்பத்தொன்பதில் மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. ஆகவே மகிழ்ச்சியற்ற எண். தன்னை வகுப்பவற்றையெல்லாம் கூட்டினால் தன் அளவுக்கு வராதது குறை எண். இது குறை எண். கம்ப்யூட்டர்காரர்கள் எழுதுவதுபோல வெறும் ஒன்றும் சுழியுமாக எழுதி, ஒன்றுகளை எண்ணினால், இரட்டையாக வருவது தீய எண், ஒற்றையாக வருவது வெறுக்கத்தக்க எண் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்திருக்கிறான், இதில் பதின்மூன்று ஒன்று இருப்பதால் இது வெறுக்கத்தக்கது என்றார். "ரெண்டுல ஒண்ணாவது நல்லதுன்னு கெடையாதா வாத்தியாரே?" என்று பக்கத்து வீட்டு ரெஜினா மைனி கேட்டாள். புத்தகத்தில் இல்லை என்றார் சார். நூறு வரைக்கும் எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்த்துவிட்டதாகவும், எதற்கும் அடங்கவில்லை என்றும், ஆகவே இது பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர யாருக்கும் கட்டுப்படாது என்றும் சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்.

அதற்குமேல் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் எழுந்தார். உயிர்த்த ஆண்டவர் சொன்ன பக்கம் வலை போட்ட பேதுருவுக்கு நூற்றைம்பத்து மூன்று மீன் கிடைத்தது, நாம் சொல்லும் பெரிய ஜெபமாலைக்கும் நூற்றைம்பத்து மூன்று மணி, அதால் வகுத்துப் பாருங்கள் என்றார். வகுத்தார்கள். மீதி ஒன்று வந்ததும் கூட்டத்தில் பலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எந்தப் பக்கம் பிரித்தாலும் மிஞ்சி நிற்கும் அந்த ஒன்று இந்தப் பிள்ளைதான், மீதி சூசையப்பருக்கு, திருவிழா அன்று சப்பரம் வாசலுக்கு வரும்போது பிள்ளையைச் சூசையப்பர் பாதத்தில் வைத்துவிட வேண்டும், அப்புறம் நகரத்தில் அவர் பேரில் இருக்கும் அநாதை இல்லத்தில் அது வளரும் என்று கமிட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டது. பங்குச் சாமியார் இது திருச்சபைச் சட்டத்தில் இல்லை என்று இரண்டு தரம் சொன்னார். ஊர்ச் சட்டத்தில் இருக்கிறது என்று கமிட்டி இருபத்தொரு தரம் சொன்னது.

சூசையப்பருக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியும், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் ஏற்கெனவே ஒன்றை வளர்த்துவிட்டார்.

மாமியார் என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். அவர் வெள்ளைத் துணி எடுத்துவந்து பிள்ளைக்குச் சட்டை தைக்க ஆரம்பித்தார். இரண்டு நாள் கழித்துத்தான் காரணத்தைச் சொன்னார், அதுவும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "சூசையப்பரு பிள்ளைய எடுத்துக்கிட்டா, எனக்க மோன விட்டுருவாரு மக்கா. ஒண்ணுக்கு ஒண்ணு." அந்தக் குரலில் கொஞ்சமும் கெடுதல் இல்லை. அதனால்தான் எனக்கு அதிகம் பயம் பிடித்தது.

கூறு போடுவதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. வலை ஒதுங்கினால் மட்டும் உடனே கூறு போட மாட்டார்கள். என் வலை என்று யாராவது வந்தால், அவன் தன் வலை பின்னும் அளவுக்கட்டையைக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு வீட்டுக் கட்டையும் ஒவ்வோர் அகலம், அப்பன் மகனுக்குக் கொடுப்பது. அதை வலையின் ஓரத்தில் வைத்து வைத்து அளந்துகொண்டே போனால் கடைசியில் மிச்சமில்லாமல் முடிய வேண்டும். முடிந்தால் தலைவர் "கட்டை சேர்ந்திட்டு" என்பார், அதற்குமேல் அந்த வலையை யாரும் தொட முடியாது. நான் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு கமிட்டிக்கு முன்னால் போய் நின்று, எந்த எண்ணையும் ஒன்று மீதியில்லாமல் வகுக்கும், அந்த எண் தன்னைத்தானேயும் வகுக்கும், ஆகவே கட்டை சேர்ந்தாயிற்று என்றேன். குரல் கான்வென்ட் இங்கிலீஷில் போகப் பார்த்தது, இழுத்துப் பிடித்தேன்.

எப்ரேம் கெட்ட மனுஷன் இல்லை, சட்டம் தெரிந்த மனுஷன். "ஒண்ணுங்கது ஊருக்கெல்லாம் பொது" என்றார். "அந்த எண்ணு தனக்குத்தானே சொந்தம்னா, ஒனக்க பிள்ள எந்திரிச்சு வந்து சொல்லட்டு. கேட்டுக்கிடுதோம்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கினபின் நான் கேட்டேன், வேறொரு எண் மீதியில்லாமல் வகுத்து, அந்த எண் எனக்குச் சொந்தமானது என்றும் காட்டினால்? காட்டு என்றார் அவர். திருவிழா வரை நேரம் என்றார்.

ஞானசிகாமணி சார் நூறோடு நிறுத்திவிட்டார். வர்க்கமூலம் வரை போகாதவள் பகா எண் என்று வாய் திறக்கக்கூடாது என்பது சிஸ்டர் கொலம்பாவின் ஐந்தாம் கட்டளை, பிரம்பு ஆறாவது. இந்த எண்ணின் வர்க்கமூலம் எண்ணாயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டுக்குக் கொஞ்சம் கீழே. அதுவரை இருக்கும் பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். முதலில் பகா எண்களையே கண்டுபிடிக்க வேண்டும். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் ஒன்பதாயிரம் வரை எண்களை வரிசையாக எழுதினேன். இரண்டின் மடங்கை அடித்தேன், மூன்றின் மடங்கை அடித்தேன், ஐந்தின் மடங்கை, ஏழின் மடங்கை, சல்லடையில் மணல் விழுந்து சிப்பி மிஞ்சுவதுபோல மிஞ்சினவற்றில் வர்க்கமூலத்துக்குக் கீழே இருந்தவற்றை எண்ணினேன். ஆயிரத்து நூற்றெட்டு. திருவிழாவுக்கு நூற்று நாற்பது நாள்தான் இருந்தது. நாளொன்றுக்கு எட்டு வகுத்தல்.

வகுத்தேன். உப்பு மீன் காயப்போட்டுக்கொண்டு வகுத்தேன், பால் கொடுத்துக்கொண்டு வகுத்தேன், தண்ணீர்க் குழாயில் வரிசை நகரும்வரை குடத்தின் வயிற்றில் விரலால் வகுத்தேன். முதலில் பெண்கள் என்னைக் கேலி செய்தார்கள், "கணக்கு டீச்சரே, இன்னைக்கு எத்தன தோத்துது?" என்று கேட்பார்கள், நான் எட்டு என்பேன், அவர்கள் எட்டா என்று உச்சுக்கொட்டுவார்கள். ஒரு மாதம் போனபோது கேலி கேள்வியாக மாறிவிட்டது. குழாயடியில் என்னை முன்னால் விட்டார்கள். ரெஜினா மைனி வீடு வீடாகப் போய்க் கிழித்த காலண்டர் தாளையெல்லாம் சேர்த்துக் கொண்டுவந்து போட்டாள், அதனால் எங்கள் ஊரில் அந்த வருஷத்து நாட்களெல்லாம் பின்பக்கத்தில் என் கையெழுத்தோடு கிடக்கின்றன. பிறகு அவர்களே எண் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். எனக்க தாலிக்கொடி கண்ணி இத்தன, இதால வகுத்துப் பாரு. கிணத்துக் கயிறு இத்தன முழம், பாரு. எல்லாவற்றையும் வகுத்தேன், யாருக்கும் இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை, அதில் என் வரிசை இரண்டு வாரம் பின்தங்கியது. ஒன்றும் அடங்கவில்லை. நூறு தோற்றது, ஐந்நூறு தோற்றது. ஆக்னஸ் குப்புற விழுந்தாள், தலை தூக்கினாள், ஒரு நாள் என் காலண்டர் தாளைப் பிடித்து வாயில் வைத்து மூன்று பகா எண்களைத் தின்றாள். அவற்றை மறுபடி செய்தேன்.

சட்டை தைத்து முடிந்தது. மாமியார் அதை மடித்து, வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்தார்.

திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம், ஊர் முழுவதும் வண்ணக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தபோது, என் வரிசையில் ஆயிரமாவது எண்ணுக்கு வந்தேன். ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது தோல்விக்குப் பிறகு கை தானாகவே வகுக்கும். வகுத்தது. அடியில் சுழி வந்தது. மறுபடி வகுத்தேன், சுழி. ஈவு பத்தாயிரத்து ஏழு. அதை நூறு வரையுள்ள இருபத்தைந்து பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தேன், அது உடையவில்லை, அதுவும் பகா எண். ஆகவே ஞானசிகாமணி சார் சொன்னது பொய். இந்த எண்ணை வகுக்க உலகத்தில் சரியாக இரண்டு பேர் இருக்கிறார்கள், மூன்றாவது ஆள் கிடையாது.

ஆனால் யார் அவர்கள்? ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது யார் வீட்டுக் கட்டை? எனக்கு அந்த எண்ணோடு என்ன உறவு? கண்டுபிடித்த சந்தோஷம் போய்விட்டது. பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையில் காலண்டர் தாள், மே மாதம் ஏதோ ஒரு நாள், தாளின் மூலையில் என் அண்ணன் மகன் பிறந்தநாள் என்று நானே குறித்திருந்தேன். அதைப் பார்த்ததும் சிஸ்டர் கொலம்பாவின் மிட்டாய் டப்பா ஞாபகம் வந்தது. பிறந்தநாள் அன்று வகுப்பில் மிட்டாய் கிடைக்க வேண்டுமானால், அன்றைக்கு நீ எத்தனை நாள் உயிரோடு இருக்கிறாய் என்று பலகையில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். லீப் வருஷத்தை மறந்தால் மிட்டாய் இல்லை. பதினைந்தாவது பிறந்தநாளில் நான் ஐயாயிரத்து நானூற்று எழுபத்தொன்பது எழுதினேன், ஆரஞ்சு மிட்டாய் வாங்கினேன். ஆக்னஸ் பிறந்த அன்று எனக்கு இருபத்தொரு வயதும் எட்டு மாதமும் சில நாளும். எண்ணினேன். ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது நாள்.

அந்தக் கட்டை என்னுடையது. நான் பூமியில் இருந்த ஒவ்வொரு நாளும் சேர்ந்து அவளை அளந்திருக்கிறது.

அடுத்த எண் யாருடையது என்று தெரிந்துகொள்ள எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. கிளீட்டஸின் பிறந்தநாளை எடுத்து ஆக்னஸ் பிறந்த நாள்வரை எண்ணினேன், பத்தாயிரத்து ஏழைத் தாண்டிப் போயிற்று. பத்தாயிரத்து ஏழு எங்கே முடிகிறது என்று பின்னால் எண்ணிக்கொண்டே வந்தேன். அது முடிந்த நாளைப் பார்த்தேன். மாமியார் கதவுக்குக் குறுக்கே படுத்திருந்தார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல், விடியும்வரை இருந்தேன்.

மறுநாள் சப்பரம் வந்தது. பேன்டு வந்தது, நாற்பத்து மூன்று குடை வந்தது, கமிட்டி இருபத்தொரு பேரும் வந்து எங்கள் வாசலில் நின்றார்கள், பின்னால் முன்னூற்று ஐம்பத்தாறு வீடும் நின்றது. மாமியார் வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்திருந்தார். நான் பிள்ளையை அவரிடம் கொடுக்கவில்லை. இடது கையில் பிள்ளை, வலது கையில் சாக்கட்டி. கதவைச் சாத்தி, எண்ணுக்குக் கீழே 7919 × 10007 என்று எழுதினேன். ஞானசிகாமணி சார் கூட்டத்திலிருந்து முன்னால் வந்து, உதடு அசையப் பெருக்கினார். நான்கு சுழி சேர்த்தார், ஏழு மடங்கைக் கூட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் நூறோட நிறுத்திட்டேன், தப்புதான்" என்று சொன்னார்.

"கணக்கு செரி" என்றார் எப்ரேம். "கட்டை யாருக்கு உள்ளது? அதச் சொல்லு."

நான் பிறந்த நாளிலிருந்து இவளைப் பெற்ற நாள்வரை எண்ணிப் பாருங்கள் என்றேன். கல்யாண ரிஜிஸ்டரையும் ஞானஸ்நானப் புத்தகத்தையும் கோயிலிலிருந்து கொண்டுவந்தார்கள். கமிட்டிச் செயலாளர் என் பிறந்த தேதியைப் பார்த்து, சப்பரத்தின் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மண்ணில் குந்தி உட்கார்ந்து எழுதினார். ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு என்றார். கூட்டம் பெருமூச்சு விட்டது. அஞ்சு குறையுது, கட்டை சேரல்ல என்று உபதேசியார் சொன்னார்.

"லீப் வருஷம் அஞ்சு வந்திருக்கு, அத விட்டுட்டீங்க" என்றேன். "சிஸ்டர் கொலம்பாகிட்ட ஒங்களுக்கு ஒரு மிட்டாய் கெடச்சிருக்காது."

குழாயடிப் பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், ரெஜினா மைனி என்றுதான் நினைக்கிறேன். செயலாளர் அழித்து எழுதினார். பத்தொன்பது வந்தது. எப்ரேம் தலையை ஆட்டினார், ஆனாலும் அவர் சட்டம் தெரிந்த மனுஷன், இன்னொரு கட்டை இருக்கிறதே, அது யாருக்கு, அவன் நாளைக்கு உரிமை கேட்டு வந்தால் என்ன செய்வது என்றார். நான் கிளீட்டஸ் என்றேன். செயலாளர் இந்த முறை லீப் வருஷங்களை விரல் விட்டு எண்ணினார், ஞானஸ்நானப் புத்தகத்தில் இருந்த அவர் பிறந்த தேதியிலிருந்து கொடிமரம் முறிந்த அந்த வியாழக்கிழமை ராத்திரி வரை எண்ணினார். பத்தாயிரத்து நாலு என்றார். மறுபடி எண்ணினார். "மூணு நாள் கூடுதலா எழுதியிருக்கா" என்றார்.

நான் அதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். கட்டை ஒன்று போதும், என் கட்டை போதும், மாமியார் காதில் அது விழ வேண்டாம் என்று விடிய விடிய நினைத்திருந்தேன். ஆனால் பிள்ளையைத் தூக்க இரண்டு பேர் கை நீட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்கள்.

"நீங்க வியாழக்கெழமையோட நிறுத்திட்டீங்க தலைவரே" என்றேன். "இன்னும் மூணு நாள் எண்ணுங்க. வெள்ளி. சனி. அது ரெண்டும் தேடினீங்க. ஞாயித்துக்கெழம அவரு உயிரோடதான் கெடந்தாரு. நீங்க எல்லாரும் பூசையில இருந்தீங்க."

பேன்டுக்காரர்கள் முதலில் எதையும் புரிந்துகொள்ளவில்லை, ஒரு டிரம் மட்டும் நாலு அடி அடித்துவிட்டு நின்றது. பிறகு குடைகள் ஒவ்வொன்றாக மடங்கின, நாற்பத்து மூன்றும் மடங்கி, சூசையப்பர் வெறும் வானத்துக்கடியில், மனுஷன் மாதிரி நின்றார். யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. பார்க்கட்டும் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்குப் பதிலாக அவர்கள் பயந்தார்கள். எப்ரேம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார். அவருக்கும் கடலில் போன ஒரு தம்பி உண்டு.

"கட்டை சேர்ந்திட்டு" என்றார். பின்வரிசைக்கும் கேட்கும்படி மறுபடியும் சொன்னார். "ரெண்டு கட்டையும் சேர்ந்திட்டு."

அவர்கள் திரும்புவதற்கு முன்னால் நான் இன்னொன்றும் சொன்னேன். இந்த எண் அழியாது, அழிக்கவும் வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும். இது குறை எண், வெறுக்கத்தக்க எண், மகிழ்ச்சியற்ற எண், புத்தகத்தில் இன்னும் என்னென்ன பெயர் இருக்கிறதோ அதெல்லாம் இது, நான் ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் இதை வகுக்க இரண்டு பேருக்குத்தான் உரிமை, அதில் ஒருவர் போய்விட்டார், மற்றவள் நான். "இனி இந்தக் கதவ யாரும் கூப்பிடாமத் தள்ளப்பிடாது" என்றேன். சப்பரம் பேன்டு இல்லாமலே அடுத்த தெருவுக்குப் போயிற்று.

மாமியார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை மடியில் கிடந்தது. அதன் மடிப்பை நீவிக்கொண்டே கேட்டார்.

"ஞாயிறா?"

"ஞாயிறு, மாமி."

"காலையிலயா, மத்தியானமா?"

"அது எண்ணுல இல்ல, மாமி."

அவர் தலையாட்டினார். "நான் அண்ணைக்கு ரெண்டு பூசை கண்டேன்" என்றார். "அவனுக்காக."

பிறகு எழுந்து, கதவுக்குக் குறுக்கே ஒன்பது மாதத்துக்கும் மேலாகக் கிடந்த பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்த் தொட்டிலுக்குப் பக்கத்தில் விரித்தார். வெள்ளைச் சட்டையை உதறி, ஆக்னஸுக்குப் போட்டுவிட்டார். கை கொஞ்சம் நீளம். விளக்கின் திரியைக் குறைத்தார். என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சொன்னார்.

"போடு மக்கா. இனி யாரு வரப்போறா."

தாழ் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தது. பிள்ளைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெயை அதன்மேல் ஊற்றினேன், ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே ஒன்றும் கேட்கவில்லை, சாக்கட்டி இல்லை, காலடி இல்லை, கடல் மட்டும். அரிவாள்மனையை அடுப்படியில் அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வந்து, கதவில் நெற்றியை ஒரு தரம் வைத்து, அவர் பெயரை ஒரு தரம் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் தள்ளித் தாழைப் போட்டேன்.